பிள்ளைகளின் தலையில் வட்டமாக முடி கொட்டினால்



இம்முறை சின்னப் பிள்ளைகளின் தலைமுடியைப் பற்றி எழுதுகிறோம். "காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் என்று எத்தனையோ இருக்க, முடி கொட்டுறதெல்லாம் ஒரு வருத்தமா?" என்று சிலர் கேட்கக்கூடும். பிள்ளையின் உயிருக்கு இதனால் ஆபத்து வருவது மிகக் குறைவுதான். ஆனால் சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் வாழ்நாள் முழுக்க முடி முளைக்காமல் போகலாம். இன்னொரு பிள்ளைக்கு மருந்தே தேவைப்படாமல் இருக்கும். அதன் தலையில் போய்க் கண்டதையும் பூசி, தோலைப் பொசுக்கி விடுகிறோம். இந்த இரண்டு பிள்ளைகளையும் வேறு பிரித்து அறியத்தான் இந்தப் பாடம்.

லயத்தில் ஒரு பிள்ளையின் தலையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு முடி போயிருந்தால் உடனே "புழுவெட்டு" என்று பெயர் வைத்து விடுவார்கள். எங்கள் சொந்த ஊர் சாய்ந்தமருது. கல்முனைக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். தேயிலைச் செடி மருந்துக்கும் கிடையாது. அங்கேயும் இதே பேச்சுத்தான். "புள்ளைக்குப் புழு வெட்டியிருக்கு, பரிசாரியாரிட்டக் காட்டு" என்று மூத்தம்மா சொல்லுவா. இங்கே தோட்டத்தில் அப்பாயி சொல்கிறார். கடலோரம் என்றாலும் மலை என்றாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். உள்ளே இருப்பதோ நாலைந்து வேறு வேறு வருத்தங்கள். ஒன்றுக்குக் குளிசை வேண்டும், ஒன்றுக்குப் பொறுமை வேண்டும், ஒன்றுக்குத் தாயின் கை வேண்டும்.

முதலில் தலையைப் பார்க்கும் விதம்

பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் இருத்துங்கள். லயத்துக் காம்பராவின் உள்ளே, பல்ப் வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் கழுவிக் காய்ந்த பிறகு பாருங்கள். எண்ணெய் செதிலை மறைத்து விடும். முடி போன இடத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வழவழவென்று பிள்ளையின் கன்னம் போல இருக்கிறதா? அல்லது சொரசொரவென்று, வெள்ளைத் தவிடு உதிர்கிறதா? சொறிகிறதா? அந்த இடத்தில் முடி அடியோடு இல்லையா, அல்லது ஒடிந்த கட்டைகள் நிற்கின்றனவா? கறுப்புப் புள்ளி குத்தியது போல் தெரிகிறதா? பிறகு கழுத்தின் பின்பக்கமும் காதுக்குப் பின்னாலும் தொட்டுப் பாருங்கள், நெறி கட்டியிருக்கிறதா என்று. கடைசியாகக் கை நகங்களைப் பாருங்கள்.

இவ்வளவும் பார்க்க ஐந்து நிமிடம் போதும். டிஸ்பென்சரியில் போய் "முடி கொட்டுது" என்று மட்டும் சொல்லாமல், "செதில் இருக்கு, சொறியுது, பின்னுக்கு நெறி கட்டியிருக்கு" என்று சொன்னீர்களானால் மருந்து தருபவருக்குப் பாதி வேலை முடிந்தது.

ஒரு விஷயம் பாருங்க. எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள் சின்ன வயதிலேயே தலையை மூடிப் பழகுகிறார்கள். ஓதப் போகும்போதும், பாடசாலைக்குப் போகும்போதும் தலை மூடித்தான் இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்று உம்மாவுக்கே பல நாள் தெரியாது. இங்கே மலைநாட்டில் குளிருக்காகக் கம்பளித் தொப்பி. காலையில் பிள்ளைக்காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது போட்ட தொப்பி பொழுது சாயும் வரை தலையிலேயே இருக்கும். அதனால் இரண்டு இடத்துத் தாய்மாருக்கும் ஒன்று சொல்கிறோம். கிழமைக்கு ஒரு தரம், பேன் பார்க்கிற சாட்டிலாவது, தலை முழுவதையும் பாருங்கள்.

செதிலும் சொறியும் இருந்தால்: தலைப் படர்தாமரை

பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவதும், மருந்து கட்டாயம் தேவைப்படுவதும் இதுதான். உடம்பில் வட்டமாக வரும் படர்தாமரையை எல்லோரும் அறிவீர்கள். அதே வகைக் காளான் கிருமி தலையில் வந்து முடிக்குள் புகுந்து விடுகிறது. காளான் என்றதும் மழைக்கு முளைக்கும் குடைக் காளானை நினைக்க வேண்டாம். பழைய பாணில் பூக்கும் பூஞ்சணம் போன்றது, கண்ணுக்குத் தெரியாது. முடியையே தின்று வாழும். தின்னத் தின்ன முடி பலமிழந்து, தோல் மட்டத்திலேயே ஒடிந்து விடும். அதனால்தான் கறுப்புப் புள்ளி குத்தினாற்போல் தெரிகிறது.

மூன்று வயதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைத்தான் இது அதிகம் பிடிக்கும். பெரியவர்களுக்குத் தலையில் வருவது அபூர்வம். பருவம் வந்த பிறகு தலைத்தோலில் ஊறும் நெய்ப்பசை இந்தக் காளானுக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று வைத்தியர்கள் விளக்குகிறார்கள். ஆனால் ஒன்று, பெரியவர்களின் தலையில் வருத்தம் தெரியாமலே கிருமி ஒட்டிக்கொண்டிருந்து பிள்ளைக்குப் போகலாம்.

எப்படித் தொற்றுகிறது? சீப்பு, தொப்பி, தலையணை, துவாய், சலூனில் முடி வெட்டும் மெசின், ஒருவர் தலையோடு ஒருவர் தலை முட்டிப் படுப்பது. ஒடிந்த முடித் துண்டில் ஒட்டியிருக்கும் காளான் வித்துக்கள் சீப்பிலே மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். சில வகைக் காளான் பூனைக்குட்டி, நாய்க்குட்டியிலிருந்தும் வரும். குட்டியின் முகத்திலோ காதிலோ முடி கொட்டி, செதில் தெரிந்தால் அதைப் பிள்ளை மடியில் வைத்துக் கொஞ்ச விடாதீர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர்ச் சனம் பாடசாலைகளிலும் முகாம்களிலும் நெருக்கிக்கொண்டு இருந்தபோது, ஒரு பாய், ஒரு சீப்பு, ஒரு துவாயைப் பல பேர் பாவிக்க வேண்டி வந்தது. தோல் வருத்தங்கள் பரவ அதைவிட வசதியான இடம் இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவும் அப்படித்தான். வித்தியாசம், முகாமை விட்டு ஒரு நாள் வெளியே வரலாம் என்பதுதான். ஆகவே படர்தாமரை வந்த பிள்ளையின் தாயை "சுத்தமில்லாதவள்" என்று யாரும் ஏச வேண்டாம். நெருக்கத்தில் வருவது அது. பீலியில் தினமும் குளிப்பாட்டிய பிள்ளைக்கும் வரும்.

பூச்சு மருந்து ஏன் போதாது?

இந்த இடத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். பிழைகளில் பெரும்பகுதி இங்கேதான் நடக்கிறது. உடம்புப் படர்தாமரைக்கு ஒரு கிறீம் பூசினால் சரியாகும். அதையே தலைக்கும் பூசுகிறார்கள். ஒரு மாதம், இரண்டு மாதம் பூசியும் வட்டம் பெருக்கும். காரணம், கிருமி இருப்பது தோலின் மேலே அல்ல, முடியின் உள்ளேயும் அதன் வேர்க்குழியிலும். மேலே பூசும் மருந்து அங்கே இறங்காது. வாயால் விழுங்கும் மருந்துதான் இரத்தத்தோடு போய், புதிதாக வளரும் முடிக்குள் சேர்ந்து, கிருமிக்கு இடம் கொடுக்காமல் செய்யும்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீற்றர்தான் வளரும். மருந்து சேர்ந்த நல்ல முடி வேரிலிருந்து மேலே வரவர, கிருமி பிடித்த பழைய முடி வெளியே தள்ளப்படுகிறது. இதற்குக் காலம் எடுக்கும். ஆகவேதான் கிரிசியோபல்வின் என்ற மருந்தை ஆறு முதல் எட்டுக் கிழமை வரையும், சிலருக்கு அதற்கு மேலும் கொடுக்கிறார்கள். டேர்பினாபின் என்ற மற்ற மருந்து சில வகைக் காளானுக்கு ஏறக்குறைய நாலு கிழமையில் வேலை செய்யும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பிள்ளையின் நிறையைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த குளிசையில் பாதியை உடைத்துக் கொடுப்பது கூடவே கூடாது.

கிரிசியோபல்வின் வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். ஒரு கோப்பை பால், ஒரு முட்டை, அதுவும் இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் விட்ட கறியோடு சோறு சாப்பிட்ட கையோடு கொடுங்கள். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல், காலையில் வெறும் பிளேன்ரீயோடு குளிசையைக் கொடுத்துவிட்டு "மருந்து கேக்கல்ல" என்று சொல்பவர்கள் உண்டு.

இரண்டு கிழமையில் சொறி நின்று விடும், செதில் குறையும். "சரியாப்போச்சு" என்று குளிசையை நிறுத்தி விடுவார்கள். கிருமி உள்ளே உயிரோடு இருக்கிறது. மறுபடி வரும். சொன்ன நாள் வரை கொடுத்தே ஆக வேண்டும். மருந்து தொடங்கிய புதிதில் சில பிள்ளைகளுக்கு முகத்திலும் உடம்பிலும் சிறு சிறு பருக்கள் கிளம்பும். அது எப்போதும் மருந்தின் ஒவ்வாமை அல்ல, கிருமியோடு உடம்பு சண்டை பிடிப்பதாலும் வரும். நீங்களாக மருந்தை நிறுத்தாமல் உடனே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கீட்டோகொனசோல், செலினியம் சல்பைட் ஆகிய மருந்து ஷம்போக்களையும் டொக்டர் எழுதித் தரலாம். அவை வருத்தத்தை மாற்றாது. ஆனால் தலையில் உள்ள வித்துக்களைக் குறைத்து, மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாமல் காக்கும். அதே வீட்டில் உள்ளவர்களும் சில நாள் அந்த ஷம்போவால் தலை கழுவுவது நல்லது. தலையை மொட்டையடிக்கத் தேவையில்லை. பெண்பிள்ளையின் முடியை வழித்து, அதை அழ வைத்து, பாடசாலைக்கும் போகாமல் ஆக்குவதில் ஒரு பலனும் இல்லை.

கடையில் கேட்டு வாங்கும் கிறீம் பற்றியும் ஒரு வார்த்தை. சிலவற்றில் ஸ்டீரொயிட் கலந்திருக்கும். பூசியவுடன் சிவப்பும் சொறியும் மறையும். மறைவது அடையாளம் மட்டுமே, கிருமி இன்னும் கொழுத்து வளரும். பின்னர் டொக்டர் பார்த்தாலும் படர்தாமரை என்று கண்டுபிடிப்பது கடினமாகி விடும்.

சீழ்க்கட்டி போல வீங்கினால்

ஒரு தோட்டத்தில் ஏழு வயதுப் பையன். தலை உச்சியில் முதலில் செதில், பிறகு முடி போனது. வீட்டில் வெங்காயமும் பிறகு ஏதோ களிம்பும் பூசினார்கள். ஒரு மாதத்தில் அந்த இடம் தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்தாற்போல் வீங்கி, அமுக்கினால் கொழகொழவென்று, பல துவாரங்களால் சீழ் வடிந்தது. காய்ச்சலும் வந்தது. "கட்டி பழுத்திருக்கு, கீறி விட்டாச் சரி" என்று ஒரு பெரியவர் பிளேட்டையும் எடுத்து விட்டார். நல்லவேளை, பிள்ளையின் அம்மாயி விடவில்லை. "ஐயா, இது கட்டி மாதிரித் தெரியல, வேருல இருந்தே முடி கையோட வருது" என்றார் எங்களிடம். படிக்காத மனுசி. ஆனால் அவர் கண்டதுதான் சரியான அடையாளம்.

இது சாதாரணக் கட்டி அல்ல. தலைப் படர்தாமரையின் கடுமையான வடிவம். காளானுக்கு எதிராக உடம்பு மிகையாகக் கொதித்தெழுவதால் வருவது. வெட்டிச் சீழ் எடுப்பதால் மாறாது. வாயால் எடுக்கும் காளான் மருந்துதான் வேண்டும். பிந்தினால் முடியின் வேர்க்குழி தழும்பாகி, அங்கே திரும்ப ஒருபோதும் முளைக்காது. அந்தப் பையனைப் பெரிய ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கு அனுப்பினோம். எட்டுக் கிழமைக்கு மேல் மருந்து எடுத்தான். சுற்றிவர முடி வந்தது. நடுவில் பெருவிரல் அகலத்துக்கு வரவில்லை. ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் அதுவும் வந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார்.

குளிசை வருவதற்கு முந்திய காலம்

இன்று ஒரு குளிசையால் மாறும் இந்த வருத்தத்துக்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள் என்று அறிந்தால் நெஞ்சு பதறும். பிரான்சில் சபூரோ என்ற தோல் வைத்தியர் 1904 ஆம் ஆண்டளவில் எக்ஸ்ரே கதிரைத் தலைக்குப் பாய்ச்சி முடியெல்லாம் உதிரச் செய்யும் முறையை ஒழுங்குபடுத்தினார். முடியோடு கிருமியும் போய் விடும் என்பது கணக்கு. உலகெங்கும் பிள்ளைகளுக்கு அதைச் செய்தார்கள். தாலியம் என்ற நஞ்சைக் கொடுத்து முடி உதிரச் செய்ததும் உண்டு. அதில் பிள்ளைகள் இறந்தார்கள்.

இஸ்ரேல் நாட்டில் 1940களின் கடைசியிலிருந்து 1960 வரை, மொரோக்கோ முதலிய வட ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் மத்திய கிழக்கிலிருந்தும் வந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரமாயிரமாக இந்தக் கதிருக்கு ஆளானார்கள். முகாம்களில் நெருக்கமாக இருந்த ஏழைப் பிள்ளைகள். 1974 இல் மோடன் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் அப்படிக் கதிர் பட்ட பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்து, அவர்களுக்கு மூளைக் கட்டியும் தைரோயிட் புற்றுநோயும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருவதைக் காட்டினார்கள். 1994 இல் அந்த நாடு நட்டஈடு கொடுக்கச் சட்டம் போட்டது. முடி வருத்தம் மாறியது, வேறு வருத்தம் வந்தது.

கிரிசியோபல்வின், பெனிசிலின் தரும் பூஞ்சணத்தின் உறவுக்காரப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து 1939 இல் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் வாயால் கொடுத்தால் படர்தாமரை மாறும் என்பது 1958 இல்தான் தெளிவானது. அதன் பிறகு எக்ஸ்ரே முறை கைவிடப்பட்டது. ஆக, இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் பெறக்கூடிய சிகிச்சைக்காக ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குளிசையை வாங்கி வந்து பாதியில் அலுமாரிக்கு மேலே போட்டு வைக்கும்போது இதையும் நினைக்க வேண்டும்.

வழவழப்பாக இருந்தால்: உண்மையான புழுவெட்டு

செதில் இல்லை, சொறி இல்லை, நோவு இல்லை. காலையில் தலை வாரும்போது பார்த்தால் காசு வட்டமாக, பளபளவென்று மொட்டை. வட்டத்தின் ஓரத்தில் அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் நிற்கலாம். சில பிள்ளைகளின் நகத்தில் ஊசியால் குத்தினாற்போல் சிறு பள்ளங்கள் இருக்கும். இதுதான் புழுவெட்டு.

இதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. நம் உடம்பில் கிருமியோடு சண்டை பிடிக்கும் காவல்காரர்கள் இருக்கிறார்கள். சில வேளை அவர்கள் ஆள் மாறி, சொந்த முடியின் வேரையே எதிரி என்று எண்ணித் தாக்குகிறார்கள். வேர் சாவதில்லை, வேலை நிறுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். ஆகவே பல மாதம், ஏன், சில வருடம் கழித்தும் திரும்ப முளைக்கலாம். முதலில் வெள்ளை முடியாக வந்து பின் கறுக்கும். "புள்ளைக்கு நரை வந்திட்டு" என்று பயப்படாதீர்கள், அது நல்ல அடையாளம். உலகத்தில் நூறு பேரை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது வருகிறது. ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றவே தொற்றாது. ஒரே சீப்பைப் பாவித்தாலும் வராது.

ஒன்றிரண்டு சின்ன வட்டமென்றால் பல பிள்ளைகளுக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முடி வந்து விடும். டொக்டர் ஒரு பூச்சு மருந்து தரலாம், அல்லது "பொறுத்துப் பார்ப்போம்" என்றும் சொல்லலாம். மருந்து தரவில்லை என்று கோபிக்க வேண்டாம், அதுவும் வைத்தியம்தான். வட்டங்கள் பெருகி ஒன்றோடொன்று சேர்ந்தால், புருவமும் இமை முடியும் போனால், தோல் வைத்திய நிபுணரைக் காணத்தான் வேண்டும். பெரியவர்களுக்கான ஒரு புதிய குளிசை 2022 இலும், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான மற்றொன்று 2023 இலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. விலை மிக அதிகம், இரத்தப் பரிசோதனை செய்து செய்து கொடுக்க வேண்டியவை. சின்னப் பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. ஆனாலும் வழி திறந்திருக்கிறது.

சரி, சின்ன வெங்காயம்? இதைக் கேட்காத தாய் இல்லை. 2002 இல் ஈராக்கிலுள்ள வைத்தியர்கள் சிலர் புழுவெட்டு உள்ளவர்களுக்கு வெங்காயச் சாற்றைத் தினம் இரு தடவை பூசிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் பூசியவர்களைவிட இவர்களுக்கு முடி கூடுதலாக வந்தது என்று எழுதினார்கள். ஆனால் அது மிகச் சின்ன ஆய்வு, நாற்பது பேர் கூட இல்லை. தானாகவும் மாறும் வருத்தம் இது என்பதையும் மறக்கக் கூடாது. வழவழப்பான தோலில் கொஞ்சம் வெங்காயச் சாறு பூசினால் பெரிய கேடு வராது, எரிந்தால் நிறுத்துங்கள். ஆனால் செதில் உள்ள தலையிலோ புண்ணிலோ பூசி நாளைக் கடத்தக் கூடாது.

கேடு தரும் வைத்தியங்கள் வேறு. பிளேட்டால் கீறி மருந்து தேய்ப்பது, சேங்கொட்டைப் பால் பூசுவது, பூண்டை அரைத்துக் கட்டி வைப்பது. இவை தோலைச் சுட்டுத் தழும்பாக்கும். தழும்பான இடத்தில் முடி வராது. தானாக மாற இருந்த பிள்ளைக்கு நிரந்தர மொட்டை நாமே செய்து கொடுத்ததாகும். குன்றிமணியை அரைத்துப் பூசும் வழக்கம் இன்னும் மோசம். அதன் பருப்பில் உள்ள நஞ்சு புண்ணின் வழியே இரத்தத்தில் கலந்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய், மலைக்கு அடிக்கும் பூச்சி மருந்து, களைக்கொல்லி, இவற்றைப் பேனுக்கென்றோ புழுவுக்கென்றோ தலையில் வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பதை நம்ப முடியவில்லை, ஆனால் இருக்கிறார்கள். வைக்காதீர்கள்.

பிள்ளை தானே பிடுங்கினால்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முடி போன இடம் வட்டமாக இல்லாமல் கோணல்மாணலாக இருக்கும். ஒரு முடி நீளம், ஒரு முடி கட்டை. பெரும்பாலும் பிள்ளையின் கை எட்டும் பக்கத்தில். தூங்கப் போகும்போதோ, தனியே இருக்கும்போதோ விரலில் முடியைச் சுற்றிச் சுற்றி இழுக்கும். சில பிள்ளைகள் அதை வாயிலும் போட்டு விழுங்கும். விழுங்கிய முடி வயிற்றில் பந்தாகத் திரண்டு அடைப்பையும் உண்டாக்கலாம். வயிற்று நோவு, சத்தி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

சாய்ந்தமருதிலும் சரி, தோட்டங்களிலும் சரி, எத்தனையோ தாய்மார் சவூதி, குவைத், டுபாய் என்று வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், போகாதே என்று சொல்ல நாங்கள் யார். ஆனால் பின்னுக்கு நிற்கும் பிள்ளை தன் கவலையை வாயால் சொல்லத் தெரியாது. கையால் சொல்லும். எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறுமி, தாய் போய் மூன்றாம் மாதம் காதுக்கு மேலே முடி குறையத் தொடங்கியது. அப்பாயி அடித்துப் பார்த்தார், கையில் வேப்பெண்ணெய் பூசிப் பார்த்தார். கூடிற்றே தவிரக் குறையவில்லை. பிறகு இரவில் அப்பாயியே பக்கத்தில் படுத்து, கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லத் தொடங்கினார். தாயும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரே நேரத்தில் போனில் பேசினார். கையில் ஒரு துணிப் பொம்மையும் கொடுத்தார்கள். மெல்ல மெல்ல நின்றது.

மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தானாக நிற்கும். பெரிய பிள்ளை என்றால், நிற்காமல் போனால், மனநல வைத்தியரிடம் காட்டலாம். அது பைத்தியத்துக்கு வைத்தியம் பார்ப்பதல்ல.

இன்னும் சில சின்ன விஷயங்கள்

பாடசாலைக்குப் போகும் பெண்பிள்ளைக்கு இரட்டைப் பின்னல் இறுக்கிப் போடுகிறீர்கள். பின்னல் முடிந்ததும் பிள்ளையின் கண் மேலே இழுபட்டு நின்றால் அது இறுக்கம் கூடிப் போனது. நெற்றி ஓரத்திலும் காதுப் பக்கமும் முடி மெலிய இதுவே காரணம். தளர்த்திப் போடுங்கள், வந்து விடும். வருடக்கணக்கில் இழுத்தால் வராது.

கைக்குழந்தையின் பின்மண்டையில் முடி தேய்வது படுத்தபடி தலையை உருட்டுவதால். எழுந்து உட்காரத் தொடங்கச் சரியாகும்.

கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் பரவலாக முடி கொட்டினால் அதுவும் திரும்ப வரும். ஆனால் பிள்ளை வெளிறி, சோர்ந்து, முடியும் மெலிந்து கொண்டு போனால் சத்துக் குறைவைப் பார்க்க வேண்டும். 2016 சனத்தொகை சுகாதார அளவீட்டில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 32 பேரளவில் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 17. நாம் பறிக்கும் தேயிலையையே சோற்றோடு சேர்த்துச் சாயமாகக் குடிக்கக் கொடுத்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர விடாது. பிளேன்ரீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுங்கள்.

எங்கே காட்டுவது?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரி, அல்லது மருத்துவிச்சி அம்மா. அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு ஆதார வைத்தியசாலைக்கோ பெரிய ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்கோ போகலாம். கிளினிக் நாள் எது என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாளில் போய்த் திரும்பினால் ஒரு நாள் பேரும் போய், பஸ் காசும் போய் விடும். ஒரு நாள் பேர் போவது சின்ன விஷயம் அல்ல என்பதை அறிவோம். அதனால்தான் ஒரே லயத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இருந்தால் ஒரே நாளில் சேர்த்து அனுப்ப ஒழுங்கு செய்யும்படி உங்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

போகும் அன்று தலைக்கு எண்ணெய், களிம்பு ஒன்றும் வைக்காதீர்கள். வீட்டில் பூசிய மருந்துக் குப்பி, ரியூப் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். டொக்டர் செதிலையும் ஒடிந்த முடியையும் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். நோகாது. வூட் விளக்கு என்ற ஊதா வெளிச்சத்தில் சில வகைக் காளான் பச்சையாக மினுங்கும், எல்லா வகையும் மினுங்காது. கிருமியை வளர்த்துப் பார்க்கவும் அனுப்பலாம். அப்படி வளர இரண்டு மூன்று கிழமைக்கு மேலும் எடுக்கும். "ரிப்போட் இன்னும் வரல்ல" என்று சண்டை பிடிக்க வேண்டாம், பூஞ்சணத்துக்கு அவசரம் தெரியாது.

பாடசாலை பற்றி

ஒரு பாடசாலையில் வழவழப்பான புழுவெட்டு உள்ள பிள்ளையைக் கடைசி வாங்கில் தனியே இருத்தியதாகக் கேள்விப்பட்டோம். அந்தப் பிள்ளையிடமிருந்து யாருக்கும் எதுவும் தொற்றாது. படர்தாமரை என்றாலும் குளிசை தொடங்கியதும் பிள்ளை பாடசாலைக்குப் போகலாம். தொப்பி, சீப்பு மாற்றாமல் இருந்தால் போதும். வருத்தம் முற்றாக மாறும் வரை இரண்டு மாதம் வீட்டில் வைத்திருந்தால் படிப்புத்தான் கெடும். ஆசிரியர் ஏற்க மறுத்தால் டொக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கிக் கொடுங்கள்.

மற்றப் பிள்ளைகள் "மொட்டை, மொட்டை" என்று கேலி செய்வதை நிறுத்துவது பெரியவர்கள் கையில். 2022 இல் அமெரிக்காவில் ஒஸ்கார் விழா மேடையிலேயே, முடி கொட்டும் வருத்தமுள்ள ஒரு நடிகையின் தலையைப் பற்றிப் பகிடி விட்டவருக்கு அவளுடைய கணவன் கன்னத்தில் அறைந்ததை உலகமே ரிவியில் பார்த்தது. அறைந்தது பிழை. ஆனால் பெரிய நடிகைக்கே அந்தப் பகிடி அவ்வளவு வலித்திருந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்?

வீட்டிலும் பிள்ளைக்காம்பராவிலும்

தலைப் படர்தாமரை என்று டொக்டர் சொல்லி விட்டால் அன்றே அந்த வீட்டுச் சீப்புகளைக் கொதிநீரில் போடுங்கள். உருகும் பிளாஸ்ரிக் சீப்பென்றால் எறிந்து விட்டுப் புதிது வாங்குங்கள். தொப்பி, தலையணை உறை, துவாய், பிள்ளை போர்த்தும் கம்பளி எல்லாம் சுடுநீரில் தோய்த்து நல்ல வெயிலில் போடுங்கள். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அடுப்படிக்கு மேலே கொடி கட்டியாவது நன்றாகக் காய்ந்த பிறகே பாவியுங்கள். வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளின் தலையையும் அன்றே பாருங்கள்.

சலூனுக்குப் போகும்போது மெசினையும் சீப்பையும் துடைத்துக் கிருமிநாசினி போட்டு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கோயிலில் மொட்டை போடும்போதும், எங்கள் ஊரில் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் முடி இறக்கும்போதும், புது பிளேட் ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டு போவது நல்ல பழக்கம். கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

பிள்ளைக்காம்பராவில் ஒரே சீப்பால் எல்லாப் பிள்ளைகளுக்கும் தலை வாரும் வழக்கம் இருந்தால், ஆயம்மாமார் அதை இந்தக் கிழமையிலிருந்தே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீப்பு, பிடியில் பிள்ளையின் பெயர். பெயர் வாசிக்கத் தெரியாத சின்னவர்களுக்கு நிற நூல் கட்டலாம்: சிவப்பு ஒரு பிள்ளைக்கு, மஞ்சள் ஒரு பிள்ளைக்கு. தொப்பிகளை ஒரே ஆணியில் குவித்து மாட்டாமல் தனித்தனி ஆணி அடியுங்கள். ஆணிக்கும் சீப்புக்கும் காசு போதாவிட்டால் நலன்புரி உத்தியோகத்தரிடம் எழுதிக் கொடுங்கள். அடுத்த தாய்மார் கூட்டத்தில் பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், எண்ணெய் வைக்காமல். எல்லோருடைய தலையையும் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்ப்போம்.